சிவப்புப் பட்டை போட்ட கல்

சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிப்பலகைகள் மணிக்கணக்கில் பேசுகின்றன. மைரிங்கன் ஊரிலிருந்து குரோசே ஷைடெக் கணவாய்க்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்கிறது பலகை. எத்தனை கிலோமீட்டர் என்ற பேச்சே இல்லை. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தக்கபடி கூட்டிப் போட்ட கணக்கு. இளைப்பாறும் நேரம் அதில் சேராது. மலையில் இதுவே சரியான அளவு என்று தோன்றுகிறது. கால் அறிவது நேரத்தைத்தான்.

595 மீட்டர் உயரத்திலுள்ள மைரிங்கனில் புறப்பட்டு, 1,962 மீட்டரில் கணவாயைத் தாண்டி, 1,034 மீட்டரில் கிரிண்டெல்வால்டில் இறங்க வேண்டும். சுமார் 22 கிலோமீட்டர். வாடூஸிலிருந்து மோந்த்ரோ வரை போகும் வியா அல்பினா நெடுவழியில் இது ஒரு நாள் நடை. பெட்டி வண்டியில் சுற்றிப் போய் அடுத்த விடுதியில் இறங்கிவிடும். முதுகுப் பையில் மழைச்சட்டை, தண்ணீர், ரொட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி.

*

முதல் ஒரு மணி நேரம் உடம்பு மட்டும்தான் நடக்கிறது. மனம் ஊரில் விட்டு வந்த வேலைகளோடு வாதாடிக்கொண்டிருக்கிறது. ரைகன்பாக் அருவியைத் தாண்டும்போதும் அப்படித்தான். 1893-இல் வெளியான கதையில் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைச் சாகவிட்ட இடம் அது. நின்று படம் எடுப்பவர்கள் நிறைய. அருவியின் ஓசை தேயத் தேய ஏற்றம் கூடுகிறது. மூச்சு வாங்குகிறது. மூச்சும் அடியும் ஒன்றோடொன்று இசையத் தொடங்கியதும் வாதம் தானாக அடங்கிவிட்டது. அமைதிக்காக நான் எந்த முயற்சியும் செய்யவில்லை. ஏற்றமே செய்துவிட்டது.

*

ஒரு கல்லருகே நிற்கிறேன். முழங்கால் உயரம். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டைகள், மலைவழிக்கான அடையாளம். குனிந்து பார்த்தால் சிவப்பு ஒரே சிவப்பாக இல்லை. புதிய பூச்சு பெயர்ந்த ஓரத்தில் பழைய பூச்சு வெளிறித் தெரிகிறது. அதற்கும் அடியில், பாறையின் சொரசொரப்புக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டு இன்னும் பழையது ஒன்று. வெள்ளைப் பட்டையின் மேல் காசளவில் மஞ்சள் கல்பாசி. தூரிகை கொஞ்சம் தடுமாறிய இடத்தில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருக்கிறது.

குளிர்காலம் உரித்துப் போட்டதை யாரோ திரும்பத் திரும்ப வந்து பூசியிருக்கிறார்கள். சாய டப்பாவையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு இதே ஏற்றத்தில்தான் அவர்களும் மூச்சு வாங்கியிருப்பார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் முன்பின் தெரியாத அந்தக் கையை நம்பித்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. மலைச்சாலைகளைக் கார்கள் நிறைக்கத் தொடங்கிய காலத்தில், நடப்பவர்களுக்குத் தனிவழி வேண்டும் என்று குரல் கொடுத்தவர் யோஹான் யாக்கோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர். 1934-இல் நடைவழிகளுக்கென்று ஓர் அமைப்பு உருவானது. 1979-இல் மக்கள் வாக்களித்து, நடைவழிகளை நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே ஏற்றினார்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு நடைவழி தார் போட்டோ வேறு காரணத்தாலோ நடக்கத் தகாததாகிவிட்டால், ஈடாக வேறு வழி தந்தாக வேண்டும். அந்தச் சிறிய நாட்டில் இன்று நடைவழிகளின் நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். சாலை போட எந்த அரசும் முன்வரும். ஒற்றையடிப் பாதைக்காக ஒரு நாடே வாக்குச்சாவடிக்குப் போயிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க மனம் நிறைகிறது.

*

ரோசன்லாவியில் பழைய விடுதி ஒன்று தனியாக நிற்கிறது. 1856-இல் ஜான் பிரெட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த ரோசன்லாவி பனியாறு இப்போது லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. முன்னால் கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக, முகம் வரைவதுபோல் வரைந்திருக்கிறார். அவற்றுக்குப் பின்னால் பனிக்கட்டி திரண்டு எழுகிறது. இன்று அந்தப் பனியைக் காண அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிவிட்டது. மேசையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. பார்த்தபடியே இருந்தேன். வந்தது துக்கம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை.

*

ஸ்வார்ஸ்வால்டால்ப் தாண்டியதும் தனியார் கார்கள் வரக்கூடாது. பேருந்து மட்டும் வளைவுகளில் மூன்று சுரங்களில் ஊதிக்கொண்டு ஏறுகிறது. மரங்கள் குறைந்து மேய்ச்சல் வெளி விரிகிறது. மாடுகளின் கழுத்துமணிகள் ஒரே தாளத்தில் ஒலிப்பதில்லை, ஆனாலும் காதுக்கு உறுத்துவதில்லை. கோடையின் தொடக்கத்தில் மந்தையோடு ஏறி வருபவர்கள் செப்டம்பர் வாக்கில்தான் இறங்குவார்கள். அதுவரை இங்கேயே கறவை, இங்கேயே பாலாடைக்கட்டி. 2023-இல் யுனெஸ்கோ இந்த மலைமேய்ச்சல் பருவத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் இயற்கை என்று வியக்கும் இந்தப் புல்வெளியில் மேய்ச்சல் நின்றால் புதரும் காடும் மூடிக்கொள்ளும். இதுவும் உழைப்பு காத்த நிலம்தான்.

*

கணவாய். வெட்டர்ஹார்ன் தலைக்கு மேலே சுவராக நிற்கிறது, 3,692 மீட்டர். 1854-இல் ஆல்ஃப்ரெட் வில்ஸ் என்ற ஆங்கிலேயர் அதில் ஏறியதை, ஆல்ப்ஸ் மலையேற்றப் பொற்காலத்தின் தொடக்கம் என்று நூல்கள் கொண்டாடுகின்றன. பத்தாண்டுக்கு முன்பே, 1844-இல், உள்ளூர் வழிகாட்டிகள் மெல்கியோர் பான்ஹோல்சரும் யோஹான் யாவுனும் உச்சியைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ரொட்டியைப் பிட்டேன். விடுதிக்கு விடுதி நடப்பவருக்கு உச்சிகள் தேவைப்படுவதில்லை. மலை எங்கே தாழ்ந்து வழி விடுகிறதோ அங்கே கடந்துபோக வேண்டும். எனக்கு இந்த நடைதான் பிடித்திருக்கிறது.

இறக்கம் முழங்காலுக்குச் சோதனை. எதிரே ஐகர் சிகரம். அதிகம் எழுத ஒன்றுமில்லை.

*

கிரிண்டெல்வால்ட் விடுதியில், சாப்பாட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த கதவு திறந்தபோது தமிழ் கேட்டது. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடி இந்நாட்டுக்கு வந்தவர்களில் பலருக்கு உணவகச் சமையலறைகளில்தான் வேலை கிடைத்தது. எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னேன். நரைத்த தலையோடு ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஷைடெக்காலை நடந்தோ வந்தனீங்கள், தம்பி?”

“ஆமாண்ணா.”

“நல்ல வழி எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் ஒருக்காலும் நடந்து போகேல்லை. கோடையிலதானே எங்களுக்கு வேலை கூட.”

இன்னொரு கரண்டி குழம்பை என் தட்டில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். கல்லுக்குச் சாயம் பூசியவர், மாடு கறந்தவர், இவர். இவர்கள் கைபட்டுத்தான் என் ஒரு நாள் நடை நடந்தது.

நீங்கள் போவதானால் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். பிற்பகலில் இடிமழை வரக்கூடும், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். கன்றோடு நிற்கும் பசுவை நெருங்காதீர்கள். மேய்ச்சல் வேலியின் கதவைத் திறந்தால், மறக்காமல் மூடிவிட்டுப் போங்கள்.