குதிங்காலைப் பிடித்தவன்



விடியற்காலையிலிருந்தே நம் கோயில் மைதானத்தில் வண்டிகள் வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரி லாரிகள், நாமக்கல் முட்டை வண்டிகள், டிராக்டர்கள். இன்று ஜூலை 25, திருத்தூதர் யாக்கோபின் திருநாள். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபரையும் இதே நாளில் நினைக்கும் பழைய வழக்கம் இருப்பதால், திருப்பலி முடிந்ததும் வண்டிகளை மந்திரிக்கப் போகிறோம். அதற்கு முன்னால் உங்கள் வலது காலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கிளைப்பங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், எட்டு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. ஊரில் அப்போது இருந்த ஒரே வண்டி என் ஜீப்புதான். தார் ரோட்டுக்குப் போக மூன்று மைல் மண் தடம். மழை அறுத்துப் போட்ட பள்ளம், நடுவே பாறைக்கல், ஓரத்தில் ஓடை. பின் இருக்கையில் அந்தப் பெண்ணும் அவள் மாமியாரும். என் பக்கத்தில், ரிக் வண்டி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர்.

அவசரம் எனக்கு. முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் என் உடம்பு முன்னே சாய்ந்தது; கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது. இன்ஜின் உறுமி, வண்டி பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் உடம்பு பின்னே போக, கால் மிதியை விட்டு எழும்பியது. இன்ஜின் பிடித்து இழுக்க, மறுபடியும் எல்லோரும் முன்னே சாய்ந்தோம், மறுபடியும் கால் அழுத்தியது. இப்படியே வண்டி துள்ளத் தொடங்கியது. பின்னால் அந்தப் பெண் அலறினாள்.

பெரியவர் என் முழங்காலில் கையை வைத்தார். "சாமி, தடம் குலுக்குதுன்னு நீங்களும் சேந்து குலுக்காதீங்க. நிறுத்திட்டு ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. குதிங்காலைத் தரையில ஊனிக்குங்க. காலோட பக்கத்தை அந்தத் தகட்டுல சாய்ச்சு வெச்சுக்குங்க. கட்டைவிரல் மட்டும்தான் அசையோணும்" என்றார்.

அப்படியே செய்தேன். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். முதல் கியரில் இன்ஜின் தன் பாட்டுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனது. மேட்டில் ஏறும்போது மட்டும் ஒரு நூல் அழுத்தினேன். இறக்கத்தில் மிதியை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. அதே பள்ளம், அதே பாறைதான். ஆனால் இப்போது தடத்தின் குலுக்கல் மட்டுமே அந்தப் பெண்ணிடம் போனது. என்னுடையது போகவில்லை. மறுநாள் காலையில் குழந்தை பிறந்தது.

இங்கே இருக்கிற ஓட்டுநர்களுக்கு இது பால பாடம். போர் போடப் போகிற தோட்டத்தில் முந்தின நாள் மழை பெய்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சக்கரம் சேற்றில் வழுக்குகிறது. பதறிப் போய் மிதித்தால் மண்ணைப் பிடிக்காமல் ஒரே இடத்தில் சுற்றி, தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. பிறகு தோட்டத்துக்காரர் மரவள்ளிக் குச்சியும் தென்னை மட்டையும் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் போடுகிறார். அப்போதும் மெல்லக் கொடுத்தால்தான் வண்டி ஏறி வருகிறது. இன்ஜினில் பலம் எவ்வளவு இருந்தாலும், மண் தாங்குகிற அளவுக்குத்தான் அது உதவும்.

தொடக்கநூல் 33ஆம் அதிகாரத்தில் இப்படி மெல்லப் போன ஒரு பயணம் வருகிறது. முதுபெரும் தந்தை யாக்கோபு இருபது வருடம் லாபானிடம் உழைத்துவிட்டு, மனைவி மக்களோடும் மந்தைகளோடும் ஊர் திரும்புகிறார். எதிரே நானூறு ஆட்களோடு அண்ணன் ஏசா வருகிறார். இருவரும் கட்டித் தழுவி அழுகிறார்கள். வா, சேர்ந்தே போவோம் என்கிறார் ஏசா. யாக்கோபு பணிவாக மறுக்கிறார். பிள்ளைகள் சிறியவர்கள், குட்டிகளுக்குப் பாலூட்டும் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நான் இவர்களின் நடைக்கு ஏற்ப மெல்ல வருகிறேன் என்கிறார்.

யார் பேசுகிறார் என்று பாருங்கள். யாக்கோபு என்ற பெயரே குதிங்காலோடு சேர்ந்தது. தாயின் வயிற்றிலிருந்து வரும்போதே அண்ணனின் குதிங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தவர். தலைமகன் உரிமையைக் கூழுக்கு வாங்கி, தந்தையின் ஆசியை ஏமாற்றிப் பெற்றவர். முந்துவதே அவர் வாழ்க்கையாக இருந்தது. ஆனால் அண்ணனைச் சந்திப்பதற்கு முந்தின இரவு யாப்போக்கு ஆற்றங்கரையில் இறைவனோடு போராடி, தொடைச் சந்து விலகி, விடியும்போது நொண்டிக்கொண்டு வந்தார். நொண்டி நடக்கிற மனிதருக்குத்தான் குட்டி ஆட்டின் நடை கண்ணில் படுகிறது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகும்.

இன்று நாம் விழாக் கொண்டாடும் திருத்தூதருக்கும் அதே பெயர்தான். இவரையும் இவர் தம்பி யோவானையும் இடியின் மக்கள் என்று இயேசுவே அழைத்தார். எருசலேமுக்குப் போகும் வழியில் ஒரு சமாரியர் ஊர் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. வழியில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். வானத்திலிருந்து தீ இறங்கி இவர்களை அழிக்கச் சொல்லட்டுமா என்று இரண்டு பேரும் கேட்டார்கள். பள்ளத்தில் இறங்கியவுடன் கால் மிதியில் விழுந்துவிட்டது. இயேசு திரும்பிப் பார்த்து அவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு வேறு ஊருக்கு நடந்தார். தீயும் இல்லை, சண்டையும் இல்லை. அவமானத்தை வாங்கிக்கொண்ட அவர் அதை அந்த ஊர் மேல் திருப்பி எறியவில்லை.

நம் வீடுகளுக்குள் நடப்பதும் இதுதான். லோடு இறக்கிய இடத்தில் வாடகையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். செக்போஸ்ட்டில் யாரோ கேவலமாகப் பேசுகிறார்கள். பண்ணையில் தீவனம் விலை ஏறி, முட்டை விலை இறங்கிவிடுகிறது. அந்தக் குலுக்கல் உண்மையானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற தகப்பன், சோறு ஆறிப்போனது என்று தட்டை எறிகிறான். மனைவி மகளை அடிக்கிறாள். மகள் தம்பியைக் கிள்ளுகிறாள். நாமக்கல்லில் ஏற்றிய முட்டை கேரளா போய்ச் சேரும்போது உடைந்திருந்தால் முதலாளி எண்ணிப் பார்க்கிறார். முப்பது முட்டை அட்டையில் எத்தனை போயிற்று என்று கணக்கு வருகிறது. வீட்டுக்குள் உடைவதற்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

2007 ஜூனில் வத்திக்கான் சாலைப் பயணிகளுக்காக ஒரு மேய்ப்புப்பணி வழிகாட்டியை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகள் உண்டு. உயிரைப் பறிக்காதே என்பது முதலாவது. வண்டியை அதிகாரம் காட்டும் கருவியாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பது ஐந்தாவது. முதலாவது நம் எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்தாவதை நம் ஆண்கள் இன்று இரவு மனைவியோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குதிங்காலை எங்கே ஊன்றுவது என்று கேட்கலாம். அந்தப் பெரியவர் சொன்னதையே சொல்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும்போது தேடினால் கிடைக்காது, வண்டி நகரும் முன்பே ஊன்றியிருக்க வேண்டும். நாளைக் காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு நிமிடம் ஸ்டியரிங்கில் கையை வைத்து, சிலுவை அடையாளம் வரைந்து, யாரை ஏற்றியிருக்கிறோம், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். புனித கிறிஸ்டோபர் ஒரு குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்ததாகச் சொல்லப்படும் கதையில் அவர் கையில் ஒரு கோல் இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் கோலை ஊன்றி நடந்தார். தோளில் இருந்த குழந்தை இயேசுதான் என்று அவருக்கு அப்போது தெரியாது.

மந்திரிப்பு முடிந்ததும் பவனியாகப் போவோம். மைதானத்திலிருந்து தார் ரோடு வரை குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்ட தடம் இன்னும் மூடவில்லை. மண் இளகிக் கிடக்கிறது. பீடச் சிறுவர்கள் சிலுவையோடு முன்னே நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நம் பாட்டிமார். வண்டிகள் அதற்குப் பின்னால் முதல் கியரில் வரட்டும், கிளீனர் தம்பிகள் கீழே இறங்கிக் கூட நடக்கட்டும். கடைசிப் பாட்டி தார் ரோட்டை எட்டும் வரை யாரும் ஹாரன் அடிக்க வேண்டாம்.

இப்போது எழுந்து நின்று மன்றாடுவோம்.