செத்த இடத்தைப் பார்க்கத் துட்டா?

போன மாதம் பாச்சலூரில் நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். ஒட்டன்சத்திரத்தில் இருந்து பரப்பலாறு அணையைத் தாண்டி மலையேறினால் வருகிற ஊர். காப்பி, மிளகு, வாழை, குளிர்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சென்னையில் வேலை பார்க்கும் நண்பரின் மகன் போனில் வந்தான். சனிக்கிழமை ஆபீஸ் தோழர்களோடு டூர் போகிறானாம். வந்தவாசி, புள்ளலூர் என்று பழைய போர்க்களங்களைச் சுற்றிக் காட்டுகிற டூர். இரண்டு பேர் கூட்டிப் போகிறார்கள். ஒன்று ஏ.சி. வேன், காஞ்சிபுரத்தில் சாப்பாடு, பட்டுக்கடை. இன்னொருவர் ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார். வெயிலில் நடக்க விடுவாராம்.

''எதுல போகட்டும் அங்கிள்?''

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தாத்தா கேட்டார்: ''ஆளுக செத்த எடத்தப் பாக்கத் துட்டு வேற குடுக்கணுமாப்பா?''

எல்லோரும் சிரித்துவிட்டோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1780 செப்டம்பர் 10. புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் மடக்கினார்கள். ராக்கெட்டுகள் சீறின. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சுமார் 3,800 பேர் கொண்ட படை, சில மணி நேரத்தில் இல்லாமல் போனது. பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்ரோ வந்து சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு சென்னைக்குத் திரும்பிவிட்டார். அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் வருடம் முன்னால், அதே புள்ளலூரில் மகேந்திர பல்லவன் எதிரிகளை வென்றதாகச் செப்பேடு சொல்கிறது. பாவப்பட்ட ஊர்!

இப்போது வயல்காடு. அங்கே இரண்டு தூண்கள் நிற்கின்றன. 1781-ல் நடந்த அடுத்த சண்டையில் இறந்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டைப் பார்த்தால் உறுத்தும். பெய்லி படையில் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளைக்காரர்கள் இல்லை. சம்பளத்துக்குச் சேர்ந்த நம்மூர் சிப்பாய்கள். அவர்களுக்குத் தூண் கிடையாது. ஹைதர் பக்கம் விழுந்தவர்களுக்கும் கிடையாது. படை போன வழியில் வீடு எரிந்து, அடுத்து வந்த பஞ்சத்தில் செத்த குடியானவனை யார் கணக்கில் எழுதுவது? வேனில் மைக் பிடித்து, 'இங்கேதான் நாம ஜெயிச்சோம்' என்று ஒருவர் சொன்னால், அந்த 'நாம' யார் சார்?

காலம் கடந்தால் எல்லாம் சரியாகிவிடும், அழுவதற்கு ஆள் இல்லாத இடத்தை வேடிக்கை பார்க்கலாம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முல்லைத்தீவு ஞாபகம் வந்தது. 2009-ல் போர் முடிந்த பிறகு தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பிரபாகரனின் நிலத்தடி வீட்டை இறங்கிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். 2013-ல் ராணுவம் அதை வெடிவைத்துத் தகர்க்கும் வரை அது சுற்றுலாத் தலம். அதே மண்ணில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், விளக்கேற்றி அழப் பயந்த காலம் அது.

அங்கே தப்பு, போய்ப் பார்த்ததில் இல்லை. தோற்றவனின் வீட்டைக் கோப்பை மாதிரி பார்த்ததில் இருக்கிறது. அந்தப் பார்வை இருந்தால் 4 வருடமும் ஒன்றுதான், 240 வருடமும் ஒன்றுதான். இல்லையென்றால் தாராளமாகப் போகலாம், துட்டும் கொடுக்கலாம். நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தாத்தாவே ஒத்துக்கொள்ளவில்லை.

''இதோ மலைக்குக் கீழ விருப்பாச்சி. கோபால் நாயக்கரு வெள்ளக்காரன எதுத்துத் தூக்குல தொங்குனவரு. வேலு நாச்சியாருக்கு எடங்குடுத்த ஊரு. பேரனுக்கு வழி தெரியுமான்னு கேளு மொதல்ல'' என்றார்.

1801-ல் நடந்தது. பேரனுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், பல தடவை அந்த வழியாக பஸ்ஸில் போயிருந்தும் நான் ஒரு நாள்கூட இறங்கியதில்லை.

காலையில் பையனுக்குப் போன் போட்டேன். ''பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேளுப்பா. புள்ளலூர்ல செத்த சிப்பாய்களைப் பத்தி என்ன சொல்லுவீங்கன்னு.''

அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். வாத்தியார் போனிலேயே இருபது நிமிஷம் பேசினாராம். வேன்காரர், ''அதெல்லாம் கைடு சொல்லுவாருங்க... சாப்பாடு வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?'' என்றாராம்.