ஆறு வற்றும்போது மட்டிக்குப் போக்கிடம் இல்லை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓடும் ஃபிளின்ட் ஆற்றில் ஒருவகை நன்னீர் மட்டி உண்டு. பொடிமீன் வடிவத்தில் ஒரு பை செய்து, அதில் தன் இளம்புழுக்களை அடைத்து, பல அடி நீளமுள்ள கண்ணாடி போன்ற இழையின் நுனியில் நீரோட்டத்தில் ஆடவிடும். இரையென்று நம்பிப் பெரிய மீன் கவ்வும், பை கிழியும், புழுக்கள் மீனின் செவுளில் ஒட்டிக்கொள்ளும். சில வாரங்கள் அங்கே வளர்ந்த பிறகே உதிர்ந்து படுகையில் மட்டியாகும். மீன் இல்லையென்றால் இந்த மட்டிக்குச் சந்ததி இல்லை. 1998 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக இது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

மழை பொய்த்தால் மீன் மடுவைத் தேடிப் போய்விடும். மட்டி சேற்றில் கோடு இழுத்தபடி அங்குலம் அங்குலமாக நகரும்; தண்ணீர் அதைவிட வேகமாக வடியும். கடைசியில் ஓட்டை இறுக மூடிக்கொண்டு கிடக்கும். 2000ஆம் ஆண்டு வறட்சியில் ஃபிளின்ட்டின் கிளையோடைகளில் ஓட்டம் நின்று, நீரில் பிராணவாயு குறைந்து, மட்டிகள் ஏராளமாகச் செத்தன.

வானத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அங்கே தரைக்கடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதில் தேங்கும் நீர்தான் ஊற்றாகக் கசிந்து ஓடையை ஓடவைக்கிறது. நிலக்கடலைக்கும் பருத்திக்கும் ஆழ்துளைக் கிணற்றில் இறைப்பதும் அதே நீரை. வெயில் ஏற ஏறப் பம்பு அதிக நேரம் ஓடும். ஓடைக்கு வரத்துக் குறையும்.

இதை அறிந்துதான் 2000இல் ஜார்ஜியா ஒரு சட்டம் இயற்றியது. வறட்சி வரும் என்று தெரிந்தால் மார்ச் முதல் தேதிக்குள் அரசு அறிவிக்க வேண்டும். பாசனத்தை நிறுத்தச் சம்மதிக்கும் விவசாயிக்கு ஏலமுறையில் பணம் தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். 2001இல் சுமார் 33,000 ஏக்கருக்கு ஏறக்குறைய 45 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. 2002இலும் ஏலம் நடந்தது. விதைப்பதற்கு முன்பே பேசி, உழவனின் நட்டத்தை ஊரே ஏற்றுக்கொள்ளும் இந்த வழியைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் 2011, 2012 வறட்சிகளில் ஏலமே நடக்கவில்லை.

முன்கூட்டி முடிவெடுக்காத இடத்தில் கடைசி நேரச் சண்டைதான் மிஞ்சும். 2007இல் அட்லாண்டாவுக்குக் குடிநீர் தரும் லேனியர் ஏரி வற்றியபோது, கீழே, ஃபிளின்ட்டும் வந்து சேரும் அப்பலாச்சிகோலா ஆற்றின் மட்டிகளுக்காகத் தண்ணீர் விடுவதை எதிர்த்து, ‘மனிதர் முக்கியமா, மட்டி முக்கியமா’ என்று கேட்டார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். ஏரியிலிருந்து இறங்கும் தண்ணீரை நம்பி வழியில் அலபாமாவின் அணுமின் நிலையம் இருந்தது. கடைமடையில், ஃபுளோரிடாவிலுள்ள விரிகுடாவில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருந்தன. அவர்களும் மனிதர்கள்தாம். மட்டி பிழைக்கும் அளவுக்கு ஆற்றில் நீர் ஓடினால் அவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

2012இல் அந்த விரிகுடாவின் சிப்பித் தொழில் நொடித்தது. நன்னீர் வரத்துக் குறைந்தது, அளவுக்கு மீறி அள்ளியது இரண்டுமே காரணமாகச் சொல்லப்பட்டன. 2020 டிசம்பரில் ஃபுளோரிடா அரசு அங்கே சிப்பி எடுப்பதை ஐந்தாண்டுகளுக்குத் தடைசெய்தது.