இழுத்தா வந்துடும்

அப்பா சொன்னது மூன்றே வார்த்தை. “இழுத்தா வந்துடுமே, தம்பி.”

ஊரிலிருந்து வந்த அரிசிச் சாக்கின் வாயைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன். கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னை வந்திருந்தவர், டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்ததும் சணல் அறுபட்டதும் ஒரே நேரம். நான் திரும்புவதற்குள் ஹாலுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். இதைப் போய் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விட்டால்தானே. 2022 சித்திரையில் அவர் போனார். அதற்குப் பிறகு யார் அவரைப் பற்றிப் பேசினாலும் எனக்கு முதலில் தோன்றுவது அவர் முகமில்லை; தரையில் கிடந்த இரண்டு துண்டுச் சணல்.

மன்னார்குடிக்குக் கிழக்கே கடைமடைப் பகுதியில் எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அப்பா பிறந்த வருஷத்துக்குச் சான்று என்று பார்த்தால் மேட்டூர் அணைதான். “அணை தொறந்த வருசம் தலச்சன் பொறந்தான்” என்பாள் பாட்டி. அப்படியானால் 1934. பள்ளிக்கூடச் சான்றிதழில் 1936 என்று இருந்தது. ஐந்தாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள் என்பதால் அந்தச் சான்றிதழை வைத்து யாரும் சண்டை போடவில்லை.

இறந்த அன்று தெருமுனையில் வைத்த ஃபிளெக்ஸில் ‘உழைப்பால் உயர்ந்த உத்தமர்’ என்று போட்டிருந்தார்கள். அச்சடிக்கிற கடையில் அந்த வரி தயாராகவே இருக்கும் போலிருக்கிறது. எனக்கு உறுத்தியது. உழைத்தார், சரி. எங்கே உயர்ந்தார்? தாத்தா கொடுத்தது ஒன்பது மா, எங்களிடம் விட்டுப்போனதும் ஒன்பது மா. நடுவில் அக்காக்கள் இரண்டு பேரின் கல்யாணத்துக்காக நாலு மா அடமானம் போய், பதினோரு வருஷத்தில் மீண்டது. ஆடுதுறை 27 நெல் வந்தபோது அதைப் போட்டார், யூரியா வந்தபோது அதைப் போட்டார், எதிலும் பெரிதாகப் பார்த்ததில்லை. நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓர் ஆள் எண்பத்தெட்டு வயது வரை உழைத்தார் என்று ஃபிளெக்ஸில் போட முடியாதுதான்.

விரும்பித்தான் உழைத்தாரா? நாங்கள் கேட்டதில்லை. மாட்டை யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

அந்த முடிச்சைச் சொல்ல வேண்டும். சாக்கின் வாயைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்துச் சேர்த்து, சணலை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை முழுக்க உருவிவிடாமல் ஒரு காது மட்டும் விட்டு இறுக்குவார். உருவாஞ்சுருக்கு. ஆம்னி பஸ்ஸின் வயிற்றுக்குள் இரவு முழுக்க உருண்டாலும் அசையாது. தொங்குகிற நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் மொத்தச் சணலும் கையோடு வந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கு அந்தச் சாக்கு வந்துகொண்டிருந்தது. நுனி ஒன்று தொங்குகிறது என்பதையே நான் பார்த்ததில்லை. அறுக்கிற கைக்கு நுனி எதற்கு?

இந்த முடிச்சை நான் அதற்கு முன்பே, எட்டு வயதில், வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன் என்பது அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாற்றங்கால். விடிந்தும் விடியாத நேரம், கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அப்பா குனிந்து இரண்டு கையாலும் நாற்றைப் பறித்து, வேரைக் காலில் தட்டிச் சேறு உதறி, தண்ணீரில் ஓர் அலசு அலசுவார். இடுப்பில் செருகியிருக்கும் வைக்கோலில் இரண்டு தாள் உருவி ஒரு சுற்று, ஒரு செருகு. முடி தயார். அதை வயலெங்கும் வீசுவது என் வேலை. நடவு நடுகிற பெண்கள் முடியை இடது கையில் வாங்கி, வலது கை விரலால் நுனியைத் தொட்டாற்போல இழுப்பார்கள். நாற்று கையில் பூப்போல விரியும். முதுகை நிமிர்த்த வேண்டாம், பாட்டை நிறுத்த வேண்டாம்.

ஒருநாள் நானும் முடி கட்டிப் பார்த்தேன். இறுக்கிக் கட்டினால்தான் கெட்டிக்காரன் என்று நினைப்பு. நடவுக்காரி ஒருத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பல்லால் கடித்து அறுத்தாள். “எந்தக் கட்டையில போறவன் கட்டுனது இது? பாடை கட்டுன மாதிரியில்ல இருக்கு!” வயல் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் குனிந்தபடியே சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு என்பதால், அவமானத்தை மீறி அந்தச் சிரிப்பு எனக்குப் பத்திரமாக இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் அலெக்சாண்டர் பாடம். யாராலும் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சை வாளால் வெட்டி எறிந்தார் என்று வாத்தியார் கையை வீசிக் காட்டினார். நாங்கள் கை தட்டினோம். பல வருஷம் கழித்து எங்கேயோ படித்தேன், புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது: அந்த முடிச்சு இருந்தது ஒரு மாட்டு வண்டியில். நுகத்தடியை ஏர்க்காலோடு சேர்த்துக் கட்டியது. வண்டிக்காரர் கோர்டியஸ் என்ற விவசாயி. பிறகு ராஜாவானவர் என்கிறது கதை. இன்னொரு விதமாகவும் சொல்கிறார்கள். அலெக்சாண்டர் வெட்டவில்லை, ஏர்க்காலில் இருந்த ஆப்பை உருவினார், முடிச்சு தானாக நெகிழ்ந்தது என்று. அதை எங்கள் வாத்தியார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கை தட்டியிருப்போமா தெரியாது.

அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவர் நினைத்தது என்ன என்பதுதான் என் தொல்லை. அந்த ‘வந்துடுமே’யில் இருக்கும் ‘ஏ’வை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்டிப்பா, வருத்தமா, சும்மா ஒரு தகவலா?

சிக்கனம் என்று ஒரு காலம் முடிவு கட்டியிருந்தேன். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் ஒரு கொத்துக் கயிறு தொங்கும். இழுத்து எடுத்த கயிறு மறுபடி உதவும், அறுத்த கயிறு உதவாது. சென்னையிலும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அந்த இரண்டு துண்டையும் சேர்த்து முடிந்து, பால்கனியில் சாய்ந்திருந்த கறிவேப்பிலைச் செடியை ஒரு குச்சியோடு கட்டியிருந்தார். குப்பைக் கூடையிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியாது. சரி, கயிறு வீணானதுதான் அவருக்குக் கஷ்டம், நான் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சின்ன அக்காதான் அதைக் கலைத்தாள். 2012இலிருந்து எட்டு வருஷம் மேட்டூர் வழக்கமான ஜூன் 12ஆம் தேதி திறக்கவே இல்லை. குறுவை கிடையாது, சில வருஷம் சம்பாவும் கருகிப்போனது. அந்த வருஷங்களிலும் எனக்குச் சாக்கு தவறவில்லை. காய்ந்த வயலிலிருந்து எப்படி அரிசி வரும் என்று படித்தவன் எனக்குத் தோன்றவில்லை. “மில்லுல வாங்குவாருடா. அந்தச் சாக்க பிரிச்சு, நம்ம வீட்டுச் சாக்குல மாத்தி, அவரே கட்டித்தான் அனுப்புவாரு” என்றாள், கருமாதி முடிந்த அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே. அவளைப் பொறுத்தவரை எல்லாம் தெளிவு: பிரிக்கப்போகிறவனை நினைத்துக் கட்டிய கட்டு அது. நடவுக்காரிகளுக்குக் கட்டிய மாதிரியே எனக்கும்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “அவுகளுக்கு வேற மாதிரி கட்டத் தெரியாது” என்றாள். அறுபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள். அன்பும் இல்லை, சிக்கனமும் இல்லை, கைப்பழக்கம். அதுவும் சரியாகத்தான் படுகிறது. அப்படியென்றால் நான் இத்தனை நாள் ஒரு பழக்கத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறேனா? இல்லை, எண்பது வருஷம் பழகிய கைக்குள் அன்பு வேறு, பழக்கம் வேறு என்று பிரித்தெடுக்க முடியுமா?

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அகராதியைப் புரட்டினேன். ‘அவிழ்’ என்றால் கட்டுவிடுதல், மலர்தல். இரண்டும் தெரிந்ததுதான். அதே சொல்லுக்குச் சோற்றுப் பருக்கை என்றும் ஒரு பொருள் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன். இதை வைத்து ஏதாவது பெரிதாகச் சொல்லலாம் போலிருந்தது. அப்பா கேட்டால் “சோறுன்னா சோறுதான்” என்றிருப்பார் என்று தோன்றியதும் மூடி வைத்துவிட்டேன்.

அப்பா இறந்த அந்த வருஷம் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அப்படி முன்கூட்டித் திறந்ததைப் பார்க்க அவர் இல்லை. நிலத்தைப் பெரிய அத்தானிடம் குத்தகைக்கு விட்டோம். சாக்கு வருவது நின்றது.

இப்போது கடையில்தான் அரிசி. 25 கிலோ வரைக்கும் ஜிஎஸ்டி என்பதால் 26 கிலோ மூட்டை. வாயை மிஷினில் தைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு நுனி உண்டு. சரியான பக்கத்திலிருந்து இழுத்தால் தையல் முழுக்க சரசரவென்று ஒரே இழுப்பில் வந்துவிடும். தப்பான பக்கம் இழுத்தால் இறுகிக்கொள்ளும். எந்தப் பக்கம் என்று எனக்கு ஒவ்வொரு மாதமும் தெரிவதில்லை. இழுத்துப் பார்க்கிறேன். வராவிட்டால் மூட்டையைத் திருப்பி வைத்து மறுபடி இழுக்கிறேன். கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. போன மாதம் கால் மணி நேரம் ஆயிற்று. என் மனைவி உலை கொதிக்கிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டாள்.