விதி என்று சொல்ல யாருக்கு உரிமை?



ரஹாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து, தொழிற்சாலை மெக்கானிக் ஆனவர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஒருநாள் இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பர்த் துண்டு சிக்கிக்கொண்டது. பாதுகாப்புத் தடுப்பை யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள். "மெஷினை நிறுத்தினா நேரம் போயிடும். மெதுவா ஓடட்டும், எடுத்துடுங்க" என்றார் சூப்பர்வைசர். அண்ணன் கையை நீட்டினார். கையுறையின் நுனியை உருளை பிடித்து இழுத்தது. இரண்டு விரல்கள் போயின.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நிறுத்தும் பொத்தான் எனக்கு எட்டும் தூரம். "அண்ணே, நிறுத்திட்டுச் செய்யலாமே" என்று சொல்ல வாய் வரவில்லை. புதுப் பையன் பேசினால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

மருத்துவமனையில் அவருடைய அம்மா, "எல்லாம் விதிப்பா, என்ன செய்ய?" என்றார். நானும் "ஆமாம்மா" என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்றும் உறுத்துகிறது.

அந்தத் தாய் விதி என்று சொன்னதில் தவறில்லை. தாங்க முடியாத வலியைத் தாங்க அவருக்கு அந்தச் சொல் ஓர் ஊன்றுகோல். ஆனால் நான் சொன்னது அப்படியல்ல. எனக்கு அது ஒளிந்துகொள்ள ஒரு திரை. ஒரே சொல்தான். பாதிக்கப்பட்டவர் சொன்னால் ஆறுதல், பார்த்துக்கொண்டு நின்றவன் சொன்னால் தப்பித்தல்.

கர்மா என்றால் செயல் என்றுதானே நம் சமயம் கற்றுத்தருகிறது? தடுப்பைக் கழற்றியது ஒரு செயல். அவசரப்படுத்தியது ஒரு செயல். நான் வாய்மூடி நின்றதும் ஒரு செயல்தான். ஏகலைவன் கட்டைவிரலை இழந்த கதையைக் கேட்டுவிட்டு, "விதி" என்று நாம் எழுந்து போவதில்லை. துரோணர் கேட்டது நியாயமா என்று இன்றும் வாதாடுகிறோம். பக்கத்து வீட்டு அண்ணனின் விரலுக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி எழவில்லை?

இயந்திரத்துக்குத் தர்மம் தெரியாது. சுழலும் உருளைக்குப் பக்கத்தில் கையுறைகூடக் காப்பதில்லை. அதுவே கையை உள்ளே இழுத்துவிடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஹைட்ராலிக் அழுத்தமும் தூக்கி நிறுத்திய பாரமும் உள்ளே காத்திருக்கும். தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிடலாம். அதனால்தான் "லோட்டோ" என்ற பூட்டு முறை வந்தது. பழுது பார்ப்பவர் மின்விசையைத் துண்டித்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, மெஷின் ஓடாது என்று சோதித்த பிறகுதான் கையை வைப்பார். அகிம்சைக்கு இதைவிட நடைமுறையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. தன்னையும் பக்கத்தில் இருப்பவரையும் காக்கும் கடமையைத் தொழிலாளிக்கும் விதிக்கிறது. ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது. உடனடி ஆபத்து இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை 2024 ஜூன் 1 முதல் நமக்கு உண்டு. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"பேசினால் வேலை போயிடும்" என்பீர்கள். அந்தப் பயம் பொய்யல்ல. வீட்டு வாடகை, தம்பி தங்கை படிப்பு எல்லாம் இருக்கிறது. அதனால் தனியாகப் பேசாதீர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பேசுங்கள்.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். அந்தப் பொட்டோடு பூஜை முடிந்துவிடவில்லை. கழற்றிய தடுப்பைத் திரும்ப மாட்டுவதும் பூஜைதான். "அண்ணே, நிறுத்திட்டுச் செய்யலாமே" என்று சொல்வதும் பூஜைதான்.

அண்ணன் இன்றும் என்னோடு அன்பாகப் பேசுகிறார். ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. அவர் விதி என்று சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.