அறிவித்தால் போதுமா?



ஞாயிறு திருப்பலியின் முடிவில், இறுதி ஆசீருக்குச் சற்று முன்னர், அறிவித்தல்கள் வாசிக்கப்படும் நேரத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். பிள்ளைகளின் கண்கள் வாசலை நாடும். தாய்மார் செபப் புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைப்பர். கூட்டம் எத்தனை மணிக்கு, சந்தா எவ்வளவு, யாத்திரை எந்நாள் என்றெல்லாம் வாசிக்கப்படும். வாசித்தவர் தம் கடமை முடிந்தது என்று தாளை மடிப்பார். கேட்டவர் வீட்டுக்குப் போவார். இதைத்தான் நாம் உறுப்பினரோடு தொடர்பு கொள்வது என்று சொல்லிக் கொள்கிறோம். ஆனால் அறிவித்தல் வேறு, தொடர்பு வேறு என்பதை ஒரு தாய் எனக்குக் கற்றுத் தந்தார். அந்தப் பாடத்தை இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பல பங்குகளைச் சேர்ந்தவர்கள் அங்கம் வகித்த ஒரு மறைக்கோட்டச் சங்கத்திற்கு நான் ஆன்ம இயக்குநராக இருந்தேன். உறுப்பினர் மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்துவர். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் அடக்கச் செலவுக்கு உதவி கிடைக்கும். ஒருமுறை செயற்குழு கூடி, இனி அந்த நிதியை ஏழை மாணவரின் கல்விக்குப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தது. நோக்கம் நல்லதே. நானும் சம்மதித்தேன். தீர்மானம் கோவில்களின் அறிவித்தல் பலகைகளில் ஒட்டப்பட்டது. வட்ஸ்அப் குழுவிலும் அனுப்பப்பட்டது.

சில மாதங்கள் சென்றன. கணவனை அடக்கம் செய்துவிட்டு ஒரு வயோதிபத் தாய் பழைய சந்தா அட்டையுடன் என்னிடம் வந்தார். ஒரு மாதமேனும் தவறாமல் பணம் கட்டியிருந்தார். “அம்மா, அந்த நிதி இப்போது இல்லை. அறிவித்தல் போட்டிருந்தோமே” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “பலகையில போட்டது சரி சுவாமி. ஆனா என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லை. என்னட்டை ஒருத்தரும் கேக்கவும் இல்லை” என்றார்.

பின்னர் விசாரித்தபோது தெரிய வந்தது. கால் வருத்தம் காரணமாக அவர் பல மாதங்களாகக் கோவிலுக்கு வரவில்லை. அவரிடம் கைத்தொலைபேசியும் இல்லை. ஆனால் சந்தா சேகரிப்பவர் மட்டும் தவறாமல் அவரிடம் சென்று வந்திருக்கிறார். பணம் வாங்குவதற்கு அவருடைய படலை வரை சென்ற எங்கள் கால், செய்தி சொல்வதற்குக் கோவில் மதிலைத் தாண்டவில்லை.

சட்டமும் பராமரிப்பும்

எங்கள் பக்கத்தில் நியாயம் இல்லையா? குருமடத்தில் கற்ற புனித தோமஸ் அக்குவினாஸ் என் நினைவுக்கு வந்தார். சட்டம் கட்டுப்படுத்த வேண்டுமாயின் அது அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் போதனை. அறிவிக்கப்பட்ட வேளையில் அங்கு இல்லாதவர்களும், பிறர் வாயிலாக அறிந்து கொள்ள வாய்ப்பு இருக்குமளவுக்கு, அதற்குக் கட்டுப்பட்டவர்களே என்கிறார் அவர். அப்படியானால் பலகையில் ஒட்டிய நாங்கள் தப்பித்துக் கொள்ளலாம் போலத் தோன்றும்.

ஆனால் அதே அறிஞர் சட்டத்துக்கு வேறொரு நிபந்தனையும் வைக்கிறார். சமூகத்தைப் பராமரிக்கும் பொறுப்பை உடையவரே பொது நன்மைக்காக அதை ஆக்க வேண்டும் என்கிறார். பராமரிப்பவர் யார்? தம் மந்தையில் யார் நடக்க முடியாதவர், யாருக்குப் பலகை எட்டாது என்று அறிந்தவரே பராமரிப்பவர். அறிவித்ததற்குச் சான்று காட்டுவது நீதிமன்றத்தில் போதும். ஒரே அப்பத்தைப் பகிர்வோரிடையே அது போதாது.

திருச்சபைச் சட்டமும் எங்கள் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் இலக்கம் கட்டளையிடுகின்றது. விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 1287ஆம் இலக்கம். தம் தேவைகளையும் கருத்துக்களையும் மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையுங்கூட என்கிறது 212ஆம் இலக்கம். இவற்றின் உட்கருத்து எங்கள் சிறிய சங்கங்களுக்கும் பொருந்தாதா?

முதற் சபை காட்டிய வழி

அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் தம் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் அவர்களைக் கடிந்து கொள்ளவில்லை. அறிவித்தலைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லவுமில்லை. சீடர் அனைவரையும் கூட்டி, எழுவரைத் தெரிவு செய்யும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். தெரிவான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் மொழி தெரிந்தவர்களிடமே பங்கீட்டுப் பணி ஒப்படைக்கப்பட்டது என்று இதிலிருந்து கொள்ளலாம் அன்றோ?

பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேம் சங்கத்தின் தீர்மானம் அந்தியோக்கியாவுக்குப் போகிறது. கடிதம் எழுதப்பட்டது உண்மை. ஆனால் கடிதம் மட்டும் அனுப்பப்படவில்லை. சின்னப்பருடனும் பர்னபாவுடனும் யூதா, சீலா என்ற இருவர் கூடச் சென்று, வாய்மொழியாகவும் விளக்கினார்கள். தங்கள் அனுமதியின்றிச் சிலர் போய் உங்களைக் குழப்பிவிட்டார்கள் என்று அந்தக் கடிதமே முதலில் ஒப்புக் கொள்கிறது. நம் சங்கங்களின் சுற்றறிக்கைகளுள் எத்தனை, நடந்த தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றன?

குறை கருவியில் இல்லை

“எங்களுக்கு வசதி போதாது” என்று சில செயலாளர்கள் கூறுவர். 1687இல் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேப் வாஸ் அடிகளாரின் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தரின் தடையால் குருக்கள் வெளிப்படையாக நடமாட முடியாத அந்நாட்களில், மூப்பர்களும் அண்ணாவிமாருமே கிறிஸ்தவச் சமூகங்களைக் கட்டிக் காத்தார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. செய்தித்தாள்கள் கொப்பித் தாளில் அச்சான காலம் அது. அப்போது நான் சிறுவன். எவர் வீட்டில் மரணம், எவர் இடம்பெயர்ந்து எங்கே தங்கியுள்ளார் என்ற செய்திகளைச் சைக்கிளில் வந்தவர்கள் படலையில் நின்று சொன்னார்கள். வதந்தியும் அதே வழியில் வந்தது உண்மைதான். ஆயினும் சொன்னவரிடம் உடனே மறு கேள்வி கேட்க முடிந்தது. இன்று ஒரு நொடியில் நூறு பேருக்குச் செய்தி அனுப்புகிறோம். அந்த நூறில் இடம்பெறாத ஒருவரை யார் நினைக்கிறார்கள்?

செயற்குழுவினருக்கு இன்னுமோர் அச்சம் உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் வீண் கதை பெருகும் என்பது அது. இதற்கு 1971இல் வெளியான, ஒன்றிப்பும் முன்னேற்றமும் என்று பொருள்படும் சமூகத் தொடர்பு பற்றிய திருச்சபை ஏடு விடை தருகின்றது. செய்தி மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் செல்ல வேண்டும் என்கிறது. ஆட்களின் நற்பெயரையும் உரிமைகளையும் தொடும் விடயங்களில் மட்டுமே இரகசியம் தகும் என்றும் வரையறுக்கிறது. யாருக்கு எவ்வளவு உதவி கொடுத்தோம் என்று பெயர் சொல்லிப் பறைசாற்றுவது பாவம். மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு சென்றது என்பதை மறைப்பதும் நீதியன்று. 2024 ஒக்டோபரில் நிறைவுற்ற ஆயர் மாமன்றமும் வெளிப்படைத் தன்மையையும் கணக்கு ஒப்புவிப்பதையும் வலியுறுத்தியதை நீங்கள் அறிவீர்கள்.

நிற்க, பழியெல்லாம் செயற்குழுவின் தலையில் அல்ல. ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்கு அழைத்தால் வராமல் இருந்துவிட்டு, பின்னர் சந்தியில் நின்று குறை சொல்லும் உறுப்பினரும் உண்டு. அனுப்பிய தாளைப் பிரித்துப் பாராமலே “எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்போரும் உண்டு. கேட்கும் உரிமையுடையவனுக்கு வந்து கேட்கும் கடமையும் உண்டு. பேசும் உரிமையுடையவனுக்கு, பேச வேண்டிய இடத்தில் பேசும் கடமையும் உண்டு.

நாம் செய்யக் கூடியவை

பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. உறுப்பினரின் பணத்தையோ உரிமையையோ தொடும் எந்தத் தீர்மானமும் எடுக்கப்படுமுன் அவர்களிடம் கேட்கப்படட்டும். உறுப்பினர் பட்டியலை எடுத்து, இறந்தவர், இடம்மாறியவர், நோயுற்றவர் யாரென்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் சரிபாருங்கள். கோவிலுக்கு வர இயலாதவர் ஒவ்வொருவருக்கும் அயலில் உள்ள ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சந்தா வாங்கப் போகிறவரே செய்தியும் கொண்டு போகட்டும், அங்கே சொல்லப்படுவதைத் திரும்பக் கொண்டும் வரட்டும். வந்த கடிதத்துக்கு, இல்லை என்பதே விடையானாலும், ஒரு விடை போகட்டும்.

அந்தத் தாயின் கதையை முடித்துவிடுகிறேன். செயற்குழு மீண்டும் கூடியது. அவருக்குரிய உதவித் தொகையை நானே கொண்டு சென்று கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். நன்றி சொல்லிப் பெற்றுக் கொண்டார், தேநீரும் தந்தார். ஆனால் அடுத்த மாதம் சந்தா சேகரிப்பவர் போனபோது, “இனி வேண்டாம் தம்பி” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த அட்டை இன்றும் என் மேசையில் இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, வருகிற ஞாயிறு அறிவித்தல்கள் வாசிக்கப்படும்போது உங்கள் பக்கத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தை ஒரு கணம் பாருங்கள். அங்கே வழமையாக இருப்பவர் யார்? திருப்பலி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் அவருடைய படலையைத் தட்டுங்கள். வாசிக்கப்பட்டதைச் சொல்லுங்கள். பின்பு, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.