காலம் தவறிய ஈகை: கல்வி உதவித்தொகைத் தாமதமும் அதன் அறமும்

உரிய உதவி ஒருவருக்கு மறுக்கப்படவும் இல்லை, உரிய காலத்தில் தரப்படவும் இல்லை என்றால், அங்கே அறம் நிறைவேறியதா, பிழைத்ததா என்பது ஈகையைப் பற்றிப் பேசிய சமயங்களும் மெய்யியல் மரபுகளும் விடை சொல்ல வேண்டிய கேள்வியாகும். மறுப்பைக் கண்டிப்பது எளிது. மறுத்தவர் யார், மறுக்கப்பட்டது எது என்பவை வெளிப்படையாகத் தெரியும். தாமதத்தில் அந்தத் தெளிவு கிடையாது. நிதி ஒதுக்கப்பட்டிருக்கும், பயனாளிகள் பட்டியலில் மாணவியின் பெயர் இருக்கும், இல்லை என்று எவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் கட்டணம் கட்டும் நாள் கடந்துபோய், அவர் படிப்பையே விட்டுவிடும் நிலைக்கு வந்திருப்பார். இந்தியாவில் கல்லூரி மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை காலம் தாழ்ந்து வருவது பெரும்பாலும் நிர்வாகக் குறைபாடாகவே பேசப்படுகிறது. அது அறம் சார்ந்த தவறு என்பதையும், காத்திருக்கும் கடமை யாருடையது என்ற கேள்வியிலேயே அந்தத் தவறின் வேர் இருக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உதவித்தொகை கொடையா, கடமையா என்பதே முதலில் தெளிவுபடுத்தப்பட வேண்டியது. அம்பேத்கரின் மாணவப் பருவம் இதற்கு நல்ல சான்று. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1916இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் 1917இல் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. தம் சேமிப்பும் பிறர் உதவியும் சேர்ந்து மீண்டும் அவரை லண்டனுக்கு அனுப்ப 1920 வரை ஆயிற்று. 1923இல்தான் முனைவர் பட்டம் கைக்கு வந்தது. மன்னரின் உதவி உயர்ந்ததுதான், ஆனால் அது அவர் விருப்பத்தில் நின்ற கொடை. கொடை நின்றுபோகும் நாளில் பெறுபவர் கேட்பதற்கு உரிமை எதுவும் இல்லை.

அதே அம்பேத்கர் பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியான வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான பின், பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசே நிதி தர வேண்டும் என்று 1942இல் மனு அளித்து வலியுறுத்தினார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம், கல்லூரி அலுவலகங்களில் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று வழங்கப்படுவது, 1944இல் தொடங்கியது. பின்னர் அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு, நலிந்த பிரிவினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு பேண வேண்டும் என்பதை அரசுக்கு வழிகாட்டும் நெறியாக வகுத்தது. இவ்வாறு ஒரு மன்னரின் கருணையில் இருந்தது, ஒரு குடியரசின் கடமையாக மாறியது. கருணை காலம் தாழ்த்தினால் அதைக் குறை என்று சொல்லலாம். கடமை காலம் தாழ்த்தினால் அது பிறருக்குரியதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாகும்.

தாமதம் எவ்வாறு உண்டாகிறது என்பதையும் காண வேண்டும். 2020 டிசம்பர் 23 அன்று மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்து, மத்திய அரசு அறுபது விழுக்காடும் மாநில அரசு நாற்பது விழுக்காடும் ஏற்க வேண்டும் என்று வகுத்தது. அதற்கு முன்பு, ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றின் இறுதி ஆண்டில் செலவான அளவை மாநிலமே சுமக்க, அதற்கு மேற்பட்டதை மட்டும் மத்திய அரசு தரும் முறை இருந்ததால், சுமை பெரும்பாலும் மாநிலங்களின் தலையில் விழுந்தது. புதிய முறையில் பங்கு நியாயமானது. ஆனால் மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்லும் என்பதால், ஓரிடத்தில் நேரும் தாமதம் அடுத்த இடத்துக்கும் தொற்றிக்கொள்கிறது.

இவை மேல்மட்டத்தில் நிகழ்பவை. கீழே, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாது என்று காட்டும் வருமானச் சான்றிதழுக்காக மாணவி இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகரக் காத்திருக்கிறார். பின்னர் கல்லூரி சரிபார்க்க வேண்டும், துறை சரிபார்க்க வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். தமிழ்ப் பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் பெயருக்கு முன்னும், இன்னொன்றில் பின்னும், வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முழுப்பெயராக விரிந்தும் இருந்தால், ஒரே மனிதர் கணினிக்கு மூன்று மனிதர்களாகத் தெரிகிறார். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. இதற்கிடையே கட்டணம் கட்டாதவருக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு கிடைக்குமா என்ற அச்சம் வீட்டில் வட்டிக்கடனாக மாறுகிறது. அந்த வட்டியைக் கட்டுபவர் மாணவியின் தாய். பின்னால் வரும் உதவித்தொகையில் அதற்கு ஈடு எதுவும் இருக்காது.

இங்கே காலம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரே விதமாக ஓடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் உண்டு, கட்டணம் கட்டக் கடைசி நாள் உண்டு. இவற்றைத் தவறவிட்ட மாணவர் தண்டனை பெறுகிறார். தொகையை வழங்க வேண்டியவர் தவறினால் அதன் விளைவையும் அதே மாணவர்தான் சுமக்கிறார். உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் ஐஐடியில் கிடைத்த இடத்துக்கு 17,500 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜூன் 24 மாலை ஐந்து மணி கெடுவாக இருக்க, ஊரார் கைகொடுத்துப் பணம் சேர்வதற்கே நாலேமுக்கால் மணி ஆகிவிட்டதால், கட்டணம் போய்ச்சேருமுன் இணையதளம் மூடிக்கொண்டது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், முழுநீதி வழங்கும் பொருட்டுத் தனக்கு அரசியலமைப்பின் 142ஆம் பிரிவு அளிக்கும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, பிறர் இடம் பறிபோகாமல் கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. அவர் உதவித்தொகைக்காகக் காத்திருந்தவர் அல்லர் என்றாலும், ஏழை ஒருவர் சில நிமிடங்கள் பிந்தினால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருக்கிறது என்பதையும், நிறுவனங்கள் பல மாதங்கள் பிந்தினாலும் அவற்றை எதுவும் தொடுவதில்லை என்பதையும் அவ்வழக்கு சேர்த்தே உணர்த்துகிறது.

காத்திருக்கும் வேதனை யாரைச் சேர வேண்டும் என்று கேட்டால், மரபுகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒருமித்து விடை தருகின்றன. திருக்குறள், ஈகை அதிகாரத்தில், இரந்து வந்தவரின் முகம் மலரும் வரை இரக்கப்படுவதும் துன்பமே என்ற கருத்தை முன்வைக்கிறது. அதாவது, கேட்டவர் மனம் நிறையும் வரை துன்புற வேண்டியவர் கேட்கப்பட்டவரே. செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரமோ காலத்தே செய்யப்பட்ட உதவியின் மதிப்பை உலகத்தின் அளவுக்கும் மேலாக வைக்கிறது. உதவி எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே அதன் பெருமையை முடிவு செய்கிறது என்பது இதன் உட்கிடை.

பௌத்த மரபில், தம்மபதத்தின் பழைய உரை சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஆளவி என்னும் ஊரில் ஓர் ஏழை உழவர் அறவுரையை ஏற்கும் பக்குவம் பெற்றிருப்பதை அறிந்து, புத்தர் முப்பது யோசனைத் தொலைவு கடந்து அங்கே சென்றார். அன்றைக்கென்று உழவரின் மாடு காணாமல் போக, அவர் அதைத் தேடி அலைந்தார். ஊரார் உணவளித்து முடித்து அறவுரைக்காக அமர்ந்திருந்தும் புத்தர் பேசாமல் இருந்தார். களைத்தும் பசித்தும் உழவர் வந்துசேர்ந்தபோது, எஞ்சியிருந்த உணவை முதலில் அவருக்குப் பரிமாறச் செய்து, அவர் உண்டு உடலும் மனமும் தேறிய பின்னரே பேசத் தொடங்கினார். உடன் வந்த துறவியர் முணுமுணுக்க, பசியைப் போன்ற நோய் வேறில்லை என்று அவர்களுக்கு விளக்கினார். இந்நிகழ்ச்சியில் கொடுப்பவரே நடந்தார், கொடுப்பவரே காத்திருந்தார். பிந்தி வந்த ஏழைக்குக் கதவு மூடப்படவில்லை. மாடு எங்கே தொலைந்தது என்ற விசாரணை முடிந்த பிறகுதான் சோறு என்றும் சொல்லப்படவில்லை.

கடமையாகிவிட்ட உதவியைப் பற்றி யூத, கிறித்தவ மரபுகளுக்குப் பொதுவான உபாகமம் என்னும் திருநூல் இன்னும் கண்டிப்பானது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், அவர் அதை நம்பியே உயிர்வாழ்கிறார், கொடாவிடில் அவர் முறையீடு பாவமாகக் கொடாதவரைச் சேரும் என்பது அதன் 24ஆம் அதிகாரத்தின் கட்டளை. இஸ்லாமிய நபிமொழித் தொகுப்புகளிலும், உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்குமாறு கூறும் அறிவுரை இடம்பெற்றிருக்கிறது. இவ்விரண்டும் தொகையைப் பற்றிப் பேசாமல் நேரத்தைப் பற்றிப் பேசுகின்றன. கூலி தரப்படும் என்ற உறுதி இருந்தாலும், ஓர் இரவு தாழ்த்துவதே தீங்கு என்று அவை கருதுகின்றன. ஏனெனில் இருப்புள்ளவருக்கு நாளை என்பது இன்னொரு நாள், இருப்பில்லாதவருக்கு அது இன்றிரவுக்கான உணவு.

இதற்கு எதிராகப் பொறுமை என்னும் அறம் முன்வைக்கப்படுவதுண்டு. எல்லாச் சமயங்களும் பொறுமையைப் போற்றுகின்றன. ஆகவே மாணவர்களும் பொறுத்திருக்க வேண்டும், கிடைக்க வேண்டியது எப்படியும் கிடைக்கும் என்பது அவ்வாதம். பொறுமை மெய்யாகவே பேரறம்தான், ஆனால் அதை மேற்கொள்பவர் தாமாக ஏற்கும்போதுதான் அது அறமாகிறது. தாமதத்துக்குக் காரணமானவர் பாதிக்கப்பட்டவரிடம் அதைக் கேட்கும்போது அது தன் கடனை அவர் கணக்கில் எழுதும் செயலாகிறது. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம், கறுப்பின மக்களின் போராட்டம் காலப்பொருத்தமற்றது என்று கண்டித்த வெள்ளையினச் சமயத் தலைவர்களுக்கே விடையாக அமைந்தது. காலம் தானாகவே எதையும் சீராக்கிவிடும் என்ற நம்பிக்கையை அவர் அதில் மறுத்தார். காலத்தைப் பயன்படுத்துபவர் உண்டு, வீணாக்குபவர் உண்டு. வீணானது யாருடைய காலம் என்பதே நீதியின் கேள்வி.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொதுப்பணம் தகுதியற்றவர் கைக்குப் போகாமல் காப்பதும் அறமே, அதற்குச் சரிபார்ப்பு வேண்டும், சரிபார்ப்புக்கு நேரம் வேண்டும் என்பது அது. இதைப் புறந்தள்ள முடியாது. போலிப் பெயர்களில் உதவித்தொகை எடுக்கப்பட்ட முறைகேடுகள் உண்மையில் நடந்திருக்கின்றன. அவற்றால் இழப்படைந்தவரும் ஏழை மாணவரே. ஆயினும் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம், கைம்மாறு கருதாது இடம், காலம், பெறுபவரின் தகுதி ஆகியவற்றை நோக்கித் தரப்படும் கொடையையே சாத்துவிகம், அதாவது தூய்மையான கொடை, என்று வகுக்கிறது. இவற்றுள் தகுதி ஒன்றின் மேல் மட்டும் முழுக் கவனத்தையும் செலுத்தி, காலத்தை மறந்துவிடுவதே இன்றைய நிர்வாகத்தின் பிழை. கட்டணத்தை முன்கூட்டிக் கேட்காமல் மாணவரைச் சேர்த்துக்கொண்டு சரிபார்ப்பைப் பின்னர் முடிப்பது, சென்ற ஆண்டு தகுதி உறுதியானவருக்கு இவ்வாண்டின் முதல் தவணையை உடனே விடுவிப்பது போன்ற வழிகளில் ஆய்வும் காலமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்க முடியும்.

தன் காலத்துக்குத் தானே கெடு வைத்துக்கொள்வது அரசுக்குப் புதிதும் அன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும் என்றும், தக்க காரணமின்றித் தவறும் அலுவலர் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் தண்டம் கட்ட நேரிடும் என்றும் விதித்தது. அதே ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் கூலியைப் பதினைந்து நாளுக்குள் தரச் சொல்லி, பிந்தினால் இழப்பீடும் வகுத்தது. கூடுதலாகக் கட்டிய வருமான வரி திரும்பிவரத் தாமதமானால் மாதத்துக்கு அரை விழுக்காடு வட்டி சேர்ந்து வருகிறது. வரி கட்டும் வசதி படைத்தவரின் காலத்துக்கு விலை உண்டு என்று ஏற்றுக்கொண்ட அரசு, கந்துவட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பத்தின் காலத்துக்கும் அதே மதிப்பைத் தர மறுப்பதற்கு அறநெறியில் இடமில்லை.

இதற்கிடையே காத்திருக்கும் மாணவர் செய்யத்தக்கவை சில உண்டு. ஒப்புகைச் சீட்டைப் பாதுகாப்பதும், விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை எழுத்து மூலம் கேட்பதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவதும், கட்டணத்துக்கு அவகாசம் கோரிக் கல்லூரி முதல்வருக்குத் தேதியிட்ட கடிதம் கொடுத்து நகலில் முத்திரை பெறுவதும் அவற்றுள் அடங்கும். இவற்றை மன்றாட்டாக எண்ணிக் கூசும் மாணவர் பலர்; தமக்குரியதைக் கேட்பதில் இழிவு இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்வது ஆசிரியர்களின் பொறுப்பு. கேட்பவர் கூசும்படி ஒரு முறையை அமைத்துவிட்டு, கேட்காதவருக்குத் தேவையில்லை என்று கருதிக்கொள்வது கொடுமையாகும்.

ஆகவே, தாமதம் மறுப்பைவிடச் சிறிய பிழை என்ற கருத்தைக் கைவிட வேண்டும். மறுக்கப்பட்டவர் வேறு வழி தேடலாம். காத்திருக்கச் சொல்லப்பட்டவர் நம்பிக்கையால் கட்டுண்டு, வேறு வழிகளுக்கான காலத்தையும் இழக்கிறார். வழங்கும் நாள் முன்னதாக அறிவிக்கப்பட வேண்டும், அந்நாள் தவறினால் வட்டி அரசைச் சேர வேண்டும், தொகை வரும்வரை எந்த மாணவரின் நுழைவுச்சீட்டும் சான்றிதழும் நிறுத்தப்படக் கூடாது. இம்மூன்றும் புதிய கருணை எதையும் கோரவில்லை. காத்திருக்கும் சுமையை அதற்கு உரியவரிடம் ஒப்படைக்கின்றன. அது நிகழும்போதுதான் அரசின் உதவித்தொகை, மன்னர் கொடையிலிருந்து மெய்யாகவே வேறுபட்டதாகும்.